மண்ணுக்குள் ஒளிந்த ஊர்

உரைநடை – பயணக் கட்டுரை

நுழையும்முன்

போரைப் பற்றிப் பாடநூலில் படிக்கிறோம், திரைப்படத்தில் காண்கிறோம். போர் நடந்த இடத்திற்கே சென்று, அங்குள்ள மண்ணையும் எஞ்சிய பொருள்களையும் கண்ணால் காண்பது வேறுவகை அறிவு. வியட்நாம் நாட்டின் ஹோ சி மின் நகருக்குச் செல்லும் பயணியர் பலர், வழிகாட்டியுடன் ஒரு நாள் சுற்றுலாவாகக் கூச்சி சுரங்கப்பாதைகளையும் போர் எச்சங்கள் அருங்காட்சியகத்தையும் கண்டு வருகின்றனர். அந்த ஒரு நாளை இப்பாடத்தின் வழியே நாமும் நடந்து பார்ப்போம். நடக்கும்போது ஒரு வினாவை மனத்தில் வைத்துக்கொள்க: நாம் காணும் ஒவ்வொன்றும் யாருடைய கதையைச் சொல்கிறது?

1. புறப்படும்முன் அறிய வேண்டியவை

வியட்நாம் நெடுங்காலம் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த நாடு. 1946 முதல் 1954 வரை, ஹோ சி மின் தலைமையிலான விடுதலை இயக்கம் பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போரிட்டது. 1954இல் தியன் பியன் பூ என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படை தோற்றது. அவ்வாண்டு ஜெனீவாவில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, நாடு 17ஆம் அட்சக்கோட்டை ஒட்டித் தற்காலிகமாக இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அந்த உடன்பாட்டைக் கண்காணிக்க அமைந்த பன்னாட்டு ஆணையத்திற்குத் தலைமை தாங்கியது இந்தியா. கனடாவும் போலந்தும் உடனிருந்தன.

நாட்டை ஒன்றிணைக்க நடப்பதாக இருந்த தேர்தல் நடைபெறவில்லை. வடக்கில் பொதுவுடைமை அரசு. தெற்கில் அமெரிக்கா ஆதரித்த அரசு. தெற்கு அரசை எதிர்த்து 1960இல் தேசிய விடுதலை முன்னணி உருவாயிற்று. அதன் வீரர்களை எதிரணியினர் 'வியட்காங்' என்று அழைத்தனர். 1965இல் அமெரிக்கத் தரைப்படை நேரடியாகக் களமிறங்கியது. பெரும்போர் மூண்டது. 1975 ஏப்ரல் 30ஆம் நாள் தெற்கின் தலைநகரான சைகோன் வீழ்ந்ததும் போர் முடிந்தது. மறு ஆண்டு நாடு ஒன்றாயிற்று. சைகோன், ஹோ சி மின் நகரம் எனப் பெயர் மாறிற்று.

இப்போரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டனர். வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட கணக்கின்படி, உயிரிழந்த வியட்நாமியர் 30 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பகுதியினர் படைவீரர் அல்லர்; வயலில் உழுதவர்கள், சந்தைக்குச் சென்றவர்கள், பள்ளிக்குச் சென்றவர்கள்.

2. கூச்சியை நோக்கி

காலை வேளையில் பேருந்து புறப்படுகிறது. நகரின் சாலைகளில் இருசக்கர வண்டிகள் ஆற்று வெள்ளம்போல் ஓடுகின்றன. நகரம் பின்னே சென்றதும் நெல்வயல்களும் இரப்பர் தோட்டங்களும் தொடங்குகின்றன. கம்போடிய எல்லையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை அது. வடமேற்கே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். கூச்சிப் பகுதியில் பயணியர் காண்பதற்காகப் பென் டின், பென் டுவோக் என்னும் இரண்டு இடங்கள் பேணப்படுகின்றன. பென் டின் நகருக்கு அருகில் இருப்பதால் கூட்டம் மிகுதி. பென் டுவோக் சற்றுத் தொலைவு, அமைதி மிகுந்தது.

இந்த இடம் போரில் முதன்மை பெற்றதற்குக் காரணம் அதன் அமைவிடமே. ஒருபுறம் தலைநகர் சைகோன். மறுபுறம் வடக்கிலிருந்து ஆளும் பொருளும் வந்துசேரும் காட்டுவழிகள். அருகில் சைகோன் ஆறு. கூச்சி யார் கையில் இருந்ததோ, அவர் கை தலைநகரின் கதவில் இருந்தது.

3. மண் செய்த உதவி

வழிகாட்டி முதலில் காட்டுவது மண்ணை. கூச்சியின் நிலம் களிமண் கலந்த செம்மண். ஈரமாக இருக்கையில் வெட்டுவதற்கு எளிது. காற்றுப் பட்டுக் காய்ந்தால் கல்போல் இறுகும். மரச்சட்டம் இன்றியே மேற்கூரை நிற்கும். மண் இவ்வாறு அமைந்திராவிட்டால் சுரங்கம் இல்லை.

1940களின் இறுதியில், பிரெஞ்சுப் படையிடமிருந்து ஒளிந்துகொள்வதற்காகச் சிற்றூர் மக்கள் சிறு சிறு பதுங்குகுழிகளை வெட்டினர். பின்னர் ஒரு குழியையும் அடுத்த குழியையும் வழி வெட்டி இணைத்தனர். 1960களில் ஓர் ஊரும் அடுத்த ஊரும் மண்ணுக்கு அடியில் இணைந்தன. முடிவில் அந்த வலையின் நீளம் 200 கிலோமீட்டருக்கும் மேல் ஆயிற்று. பொறிகள் இல்லை, சிறு மண்வெட்டியும் மூங்கிற் கூடையும் மட்டுமே. ஒருவர் வெட்ட, ஒருவர் அள்ள, ஒருவர் சுமக்க வேலை நடந்தது. வெட்டுவதைவிட அரிய வேலை, வெட்டிய மண்ணை மறைப்பது. புதுமண் குவிந்து கிடந்தால் வானூர்தியிலிருந்து எளிதில் கண்டுவிடுவார்கள். ஆகவே, இரவோடு இரவாக மண்ணை ஆற்றில் கரைத்தனர், வயலில் பரப்பினர், குண்டு விழுந்து உண்டான பெருங்குழிகளில் கொட்டினர்.

சுரங்கம் மூன்று அடுக்குகளாக அமைந்தது. மேலடுக்கு ஏறத்தாழ 3 மீட்டர் ஆழத்திலும், நடு அடுக்கு 6 மீட்டர் ஆழத்திலும், கீழடுக்கு 8 முதல் 10 மீட்டர் ஆழத்திலும் இருந்தன. ஆழம் கூடக் கூடக் குண்டுகளிலிருந்து காப்புக் கூடியது. மூச்சுக் காற்றோ குறைந்தது.

4. மண்ணுக்கு அடியில் வாழ்க்கை

காட்டுத்தரையில் ஓரிடத்தில் வழிகாட்டி நிற்கிறார். உதிர்ந்த இலைகள் அன்றி அங்கு வேறொன்றும் தெரியவில்லை. அவர் இலைகளை விலக்கி, ஒரு மரப்பலகையைத் தூக்குகிறார். அடியில் ஒரு துளை. உங்கள் புத்தகப்பையின் அளவே இருக்கும். பலகையை இரு கைகளாலும் தலைக்கு மேல் பிடித்தபடி அவர் துளைக்குள் இறங்குகிறார். பலகை மூடிக்கொள்கிறது. காலடியில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை.

உள்ளே செல்லும் வழி, ஒருவர் குனிந்தும் தவழ்ந்துமே செல்லக்கூடிய அளவினது. பயணியருக்காக ஒரு பகுதியைச் சற்று அகலமாக்கி விளக்கும் இட்டுள்ளனர். இடையிடையே வெளியேறும் வழிகளும் உண்டு. இருந்தும், சில மீட்டர் சென்றதுமே வியர்த்துக் கொட்டுகிறது. பலர் முதல் வெளிவழியிலேயே ஏறிவிடுகின்றனர். சிறுவர்களால் எளிதாகச் செல்ல முடிகிறது. உடல் பருத்தவர்களும் மூச்சுக் கோளாறு உடையவர்களும் மேலேயே நிற்பது நல்லது.

இந்த இருளில் மக்கள் நாள்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில் தங்கினர். உள்ளே கிணறு, சமையலறை, படுக்கும் அறை, கூட்ட அறை, தையலறை, ஆயுதப் பட்டறை, மருத்துவமனை ஆகியவை இருந்தன. குழந்தைகளும் அங்கே பிறந்தன. அவர்கள் எதிர்கொண்ட இடர்கள் சிலவற்றையும், அவற்றுக்குக் கண்ட வழிகளையும் காண்போம்.

*புகை:* சமைத்தால் புகை எழும். புகை எழுந்த இடத்தில் குண்டு விழும். ஆகவே, அடுப்பிலிருந்து நீண்ட மண்வழிகளை வெட்டிப் புகையை அவற்றில் செலுத்தினர். புகை வழியிலேயே குளிர்ந்து, பல சிறு துளைகள் வழியாக மெல்லிய வெண்புகையாகத் தரையோடு தரையாகக் கசியும். விடியற்காலையில் சமைத்தால் அது மூடுபனியோடு கலந்துவிடும். பிரெஞ்சுப் போர்க்காலத்தில் இவ்வடுப்பை அமைத்த படைச் சமையற்காரர் ஹோவாங் காம் என்பவரின் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது.

*காற்று:* மூங்கிற்குழாய் அளவுள்ள துளைகள் மேலே சென்றன. அவற்றின் வாயைக் கறையான் புற்றுபோல் மண்ணால் மறைத்தனர்.

*மோப்ப நாய்:* துளைகளின் அருகே மிளகாய்ப்பொடி தூவினர். நாய்கள் அதற்கும் பழகியபோது, அமெரிக்க வீரர்கள் பயன்படுத்திய சவர்க்காரத்தையும் அவர்களுடைய பழைய உடைகளையும் வைத்தனர். தம்மவரின் மணம் என்று எண்ணி நாய்கள் கடந்து சென்றன.

*நச்சுப்புகையும் நீரும்:* வழியில் ஆங்காங்கே நீர் தேங்கும் வளைவுகளை அமைத்தனர். புகை அந்த நீரைத் தாண்டி அப்பால் செல்ல இயலவில்லை.

எல்லா இடருக்கும் வழி கிடைக்கவில்லை. மலேரியாக் காய்ச்சல் பலரைக் கொன்றது. பாம்பும் தேளும் பூரானும் அதே இருளில் குடியிருந்தன. மேலே பெரிய குண்டு வெடித்தால், உள்ளிருந்தோர் மண்ணோடு மண்ணாயினர்.

சுற்றின் நடுவே பயணியருக்கு ஒரு தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கும், உப்புக் கலந்த நிலக்கடலைப் பொடியும் தரப்படுகின்றன. சுரங்கத்தில் இருந்தோரின் உணவு பல நாள்களில் இதுதான். நம் சேலத்திலும் குமரியிலும் உண்ணும் அதே கிழங்கு. சுவையாகவே இருக்கிறது. நமக்கு அது ஒரு வேளைச் சிற்றுண்டி. அவர்களுக்கோ மாதக்கணக்கில் அது ஒன்றே உணவு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

5. மேலே நின்றவர்கள்

1966 சனவரியில் அமெரிக்க, ஆஸ்திரேலியப் படையினர் ஏறத்தாழ 8,000 பேர் இப்பகுதியைச் சுற்றி வளைத்தனர். எதிரிகள் சுடுவதும் மறைவதும் கண்டு திகைத்தனர். அவ்வாண்டு அமெரிக்கா கூச்சியில் ஒரு பெரும் படைமுகாம் அமைத்தது. முகாமின் அடியிலேயே சுரங்கங்கள் சென்றன என்பது பின்னரே தெரிந்தது.

1967 சனவரியில் ஏறத்தாழ 30,000 வீரர்கள் பங்கேற்ற மற்றொரு தாக்குதல் நடந்தது. அதில் பென் சுக் என்னும் ஊரின் மக்களை வெளியேற்றியபின், அவ்வூர் முழுவதும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அவ்வூரார் தம் வீட்டையும் வயலையும் முன்னோரின் கல்லறைகளையும் விட்டுச் சென்றனர்.

சுரங்கத்தினுள் இறங்குவதற்கென அமெரிக்கப் படையில் சிலர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சிறிய உடலமைப்பு உடையவர்களே இதற்குப் பொருந்தினர். 'சுரங்க எலிகள்' என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். ஒரு கைத்துப்பாக்கி, ஒரு கைவிளக்கு, ஒரு கத்தி. இவற்றோடு தனியே இருளில் தவழ்ந்தனர். வழியில் கூரிய மூங்கில் முளைகள் நட்ட குழிகளும் வெடிகளும் காத்திருந்தன. அவர்களும் 20 வயதை ஒட்டிய இளைஞர்களே. பலர் கட்டாயப் படைச்சேர்ப்பினால் கடல் கடந்து வந்தவர்கள். சுரங்கத்தின் கதையில் அச்சம் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் உரியதன்று.

1969, 1970ஆம் ஆண்டுகளில் பெரிய வானூர்திகள் இந்நிலத்தின்மீது தொடர்ந்து குண்டு பொழிந்தன. சுரங்கங்களில் பெரும்பகுதி அழிந்தது. காட்டினிடையே இன்றும் காணும் குளம்போன்ற பள்ளங்கள் அக்குண்டுகள் விழுந்த இடங்களே.

பென் டுவோக்கில் ஒரு நினைவுக் கோயில் உள்ளது. அதன் சுவர்களில், இப்பகுதிப் போர்களில் மாண்ட வியட்நாம் வீரர்கள் 44,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரும் சிறப்பும் எழுதி வழிபட்ட நடுகல் மரபை நாம் சங்கப் பாடல்களில் படிக்கிறோம். நாடும் மொழியும் வேறாயினும், இறந்தவர் பெயரை அழியவிடாத மனம் ஒன்றே.

6. சுடுதளத்தின் ஓசை

கூச்சியில் நடக்கும்போது இடையிடையே துப்பாக்கி வெடிக்கும் ஓசை கேட்கிறது. அங்கே ஒரு சுடுதளம் உண்டு. பணம் செலுத்தும் பயணியர், போர்க்காலத் துப்பாக்கிகளால் இலக்கு நோக்கிச் சுடலாம். சிலர் அதை மகிழ்ச்சியோடு செய்கின்றனர். சிலர் அவ்வோசையைக் கேட்டுத் திடுக்கிட்டு, விரைந்து அப்பால் செல்கின்றனர்.

இது சரியா, தவறா? அந்த வருவாய் இடத்தைப் பேண உதவும். போரின் ஓசை எத்தகையது என்பதைப் பயணியர் உணரவும் கூடும் என்பது ஒரு பக்கம். இத்தனை பேர் மாண்ட மண்ணில் துப்பாக்கி விளையாட்டுப் பொருளாகலாமா என்பது மறுபக்கம். இவ்வினாவிற்கு இப்பாடம் விடை தரவில்லை. வகுப்பில் நீங்கள் பேசி முடிவு காண்க.

7. போர் எச்சங்கள் அருங்காட்சியகம்

நண்பகலில் நகருக்குத் திரும்பி, உணவிற்குப் பின் அருங்காட்சியகம் செல்கிறோம். போர் முடிந்த அதே ஆண்டு, 1975 செப்டம்பரில் இது திறக்கப்பட்டது. அப்போது இதன் பெயரில் 'அமெரிக்கா' என்னும் சொல்லும் 'குற்றங்கள்' என்னும் சொல்லும் இருந்தன. 1990இல் நாட்டின் பெயர் நீங்கியது. வியட்நாமும் அமெரிக்காவும் மீண்டும் தூதரக உறவு கொண்ட 1995இல் 'குற்றங்கள்' என்னும் சொல்லும் நீங்கி, இன்றைய பெயர் வந்தது. ஒரு கட்டடத்தின் பெயர்ப்பலகை மாறிய வரலாற்றிலேயே இரு நாடுகளின் உறவு மாறிய வரலாற்றையும் படிக்கலாம்.

முற்றத்தில் அமெரிக்கப் படை பயன்படுத்திய பீரங்கி வண்டிகள், போர் வானூர்திகள், ஹெலிகாப்டர்கள் வரிசையாக நிற்கின்றன. வண்ணம் பூசப்பெற்று, மழையில் நனைந்து பளபளக்கின்றன. சிறுவர்கள் அவற்றின்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்த வேல்களை ஒளவையார் கண்ட காட்சி தமிழ் மாணவருக்கு நினைவிற்கு வரும். பயன்படாத ஆயுதமே அழகாக இருக்கும். பயன்பட்ட ஆயுதம் என்ன செய்தது என்பதை அறியக் கட்டடத்தின் உள்ளே செல்ல வேண்டும்.

உள்ளே ஒரு கூடத்தில், போரைப் படமெடுக்கச் சென்று களத்திலேயே உயிரிழந்த ஒளிப்படக் கலைஞர்களின் படங்கள் உள்ளன. 130க்கும் மேற்பட்ட அக்கலைஞர்களுள் அமெரிக்கர், பிரெஞ்சுக்காரர், சப்பானியர், வடக்கு தெற்கு வியட்நாமியர் எனப் பல நாட்டவரும் உள்ளனர். எதிரெதிர் அணிகளில் நின்றோரின் படங்கள் இங்கு ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

மற்றொரு கூடத்தில் 1972 சூன் 8ஆம் நாள் எடுத்த படம் ஒன்று. எரிகுண்டு வீச்சில் ஆடை எரிந்துபோக, உடல் வெந்து, சாலையில் அழுதுகொண்டே ஓடிவரும் ஒன்பது வயதுச் சிறுமி. இடம் டிராங் பாங். காலையில் நாம் சென்ற அதே நெடுஞ்சாலையில், கூச்சியைக் கடந்து சற்றே தொலைவில் உள்ள ஊர். அச்சிறுமி கிம் ஃபுக் பிழைத்தார். பல ஆண்டுகள் மருத்துவம் பெற்றார். பின்னர்க் கனடாவில் குடியேறினார். யுனெஸ்கோவின் நல்லெண்ணத் தூதரானார். போரில் காயமுற்ற குழந்தைகளுக்கு உதவும் அறக்கட்டளையையும் நிறுவினார்.

மை லாய் என்னும் ஊரின் படங்களும் உண்டு. 1968 மார்ச்சு 16ஆம் நாள் அங்கு அமெரிக்க வீரர்கள் படைக்கலம் ஏந்தாத மக்களைச் சுட்டுக் கொன்றனர். வியட்நாம் கணக்கின்படி 504 பேர். அன்று வானில் பறந்த அமெரிக்க ஹெலிகாப்டர் ஓட்டுநர் ஹியூ தாம்சன் கீழே நடப்பதைக் கண்டார். தம் வீரர்களுக்கும் ஊர் மக்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். உடனிருந்த இரு வீரர்களின் துணையோடு எஞ்சியோர் சிலரைக் காப்பாற்றினார். தம் அணியினரையே தடுத்த அம்மூவருக்கும் 30 ஆண்டுகள் கழித்து, 1998இல், அமெரிக்க அரசு பதக்கம் அளித்தது. 'எம் அணி' என்பதைவிட 'அறம்' பெரிது என்று ஒருவர் துணிவதற்கு ஒரு நொடி போதும். அதை ஒரு நாடு ஏற்பதற்குப் பல்லாண்டு வேண்டும்.

ஒரு கூடம் முழுவதும் நச்சு மருந்தைப் பற்றியது. காட்டில் ஒளிந்தோரைக் காண்பதற்காக 1961 முதல் 1971 வரை, இலைகளை உதிர்க்கும் மருந்தை வானூர்திகள் தெளித்தன. மொத்தம் 7 கோடி லிட்டருக்கும் மேல். அவற்றுள் ஒன்றைக் கொண்டுவந்த கலன்களில் ஆரஞ்சு நிறப் பட்டை தீட்டியிருந்ததால், அதற்கு 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்று பெயர். அதில் கலந்திருந்த டையாக்சின் என்னும் நஞ்சு மண்ணில் தங்கியது. அந்நிலத்தில் வாழ்ந்தோர் பலர் நோயுற்றனர். தெளித்த வீரர்களுள்ளும் பலர் நோயுற்றனர். போருக்குப் பின் பிறந்த குழந்தைகள் பலரின் உடற்குறைகளுக்கும் இதுவே காரணம் என்று அங்குள்ள படங்கள் கூறுகின்றன. காண்பதற்குக் கடினமான கூடம் இது. இளையோர் பெற்றோருடனோ ஆசிரியருடனோ செல்க. பார்க்க இயலாதவர் வெளியே அமரலாம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

காட்சிப்பேழை ஒன்றில் ஓர் அமெரிக்க வீரரின் பதக்கங்கள் இருக்கின்றன. தாம் செய்தது தவறு என்று வருந்தி, வியட்நாம் மக்களிடம் மன்னிப்புக் கேட்டு அவரே அனுப்பியவை அவை.

8. சொல்லப்படாதவை

எந்த அருங்காட்சியகமும் எல்லாவற்றையும் காட்டுவதில்லை. இது வென்றவர் அமைத்த அருங்காட்சியகம். வென்றவர் பட்ட துன்பம் இங்கு விரிவாக உள்ளது. அவர்கள் பிறருக்கு இழைத்த துன்பம் மிகக் குறைவாகவே உள்ளது. தெற்கு அரசின் படையில் இருந்து மாண்டவர்களும் வியட்நாமியரே. அவர்களுக்கும் தாய் உண்டு, ஊர் உண்டு. போர் முடிந்தபின் அப்படையினரும் அலுவலர்களும் பெருந்தொகையினராகத் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். பல இலட்சம் மக்கள் சிறு படகுகளில் கடலேறி நாட்டை விட்டு வெளியேறினர். கடலிலேயே மாண்டவர் பலர்.

அக்காலத்தில் அந்நாட்டைவிட்டு நீங்கியோருள் தமிழரும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் மக்களும் நாட்டுக்கோட்டை நகரத்தார் வணிகர்களும் சைகோனில் வாழ்ந்தனர். 1975க்குப் பின் அவர்களில் பெரும்பாலோர் தம் தொழிலையும் வீட்டையும் விட்டுச் சென்றனர். அருங்காட்சியகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் நிற்கிறது. கட்டியவர்கள் சென்றுவிட்டனர், வியட்நாமியரும் சீனரும் ஊதுவத்தி ஏற்றி அம்மனை வழிபடுகின்றனர்.

ஆகவே, வழிகாட்டி கூறுவதை மதிப்போடு கேட்க வேண்டும்; கேட்டதோடு நின்றுவிடலாகாது. 'இப்படத்தில் இல்லாதவர் யார்?' என்று நம்மை நாமே வினவ வேண்டும்.

9. மண் ஆறுகிறது

ஹோ சி மின் நகரை அடுத்துக் கான் சியோ என்னும் அலையாத்திக் காடு உள்ளது. நச்சு மருந்தால் பட்டுப்போன அக்காட்டை, 1978 முதல் மக்கள் சேற்றில் இறங்கி ஒவ்வொரு கன்றாக நட்டு மீட்டனர். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. டா நாங் வானூர்தித் தளத்தில் தங்கியிருந்த நஞ்சை, வியட்நாமும் அமெரிக்காவும் சேர்ந்து 2012 முதல் 2018 வரை அகற்றின. ஒரு காலத்தில் அதே தளத்திலிருந்து நஞ்சை ஏற்றிச் சென்ற நாடு, அதே மண்ணைத் தூய்மை செய்யத் திரும்பி வந்தது.

சொல்லும் பொருளும்

எச்சம் – எஞ்சி நிற்பது
அட்சக்கோடு – நிலநடுக்கோட்டிற்கு இணையாகப் புவியில் வரையப்படும் கற்பனைக் கோடு
பதுங்குகுழி – தாக்குதலின்போது ஒளிந்துகொள்ளும் குழி
சவர்க்காரம் – சோப்பு
படைக்கலக் கொட்டில் – ஆயுதங்களை வைக்கும் இடம்
நடுகல் – போரில் வீழ்ந்த வீரனுக்கு நடப்படும் நினைவுக்கல்
அலையாத்திக் காடு – கடலும் ஆறும் கலக்கும் சேற்றுநிலத்தில் வளரும் காடு
இழுக்கு – குறை, இகழ்ச்சி

இலக்கணம் அறிவோம்: பண்புப்பெயர்ப் புணர்ச்சி

நிறம், அளவு, தன்மை ஆகியவற்றைக் குறிக்கும் பெயர் பண்புப்பெயர். அது பெரும்பாலும் 'மை' என முடியும். வேறொரு சொல்லோடு சேரும்போது அது மாற்றம் அடையும்.

அ) 'மை' கெடுதல் (ஈறு போதல்)
செம்மை + மண் = செம்மண்
வெண்மை + புகை = வெண்புகை

ஆ) 'மை' கெட்டபின், வரும் வல்லினத்திற்கு இனமான மெல்லினம் தோன்றுதல் (இனமிகல்)
அருமை + காட்சி → அரு + காட்சி → அருங்காட்சி
நெடுமை + சாலை → நெடு + சாலை → நெடுஞ்சாலை
பெருமை + போர் → பெரு + போர் → பெரும்போர்

இ) 'மை' கெட்டபின், நடுவில் உள்ள ஒற்று இரட்டித்தல் (தன்னொற்று இரட்டல்)
சிறுமை + ஊர் → சிறு + ஊர் → சிற்றூர்

குறிப்பு: வல்லினம் க எனில் ங், ச எனில் ஞ், ப எனில் ம் தோன்றுவதைக் காண்க.

பயிற்சிகள்

I. சரியா, தவறா எனக் கூறி, தவறாயின் திருத்துக.
1. கூச்சி சுரங்கங்களை முதலில் வெட்டத் தொடங்கியது அமெரிக்கப் படை வந்தபின்.
2. காய்ந்தால் இறுகும் மண் சுரங்கம் வெட்ட உதவியது.
3. அருங்காட்சியகத்தின் பெயர் தொடக்கம் முதல் மாறவே இல்லை.

II. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. வெட்டிய மண்ணை ஏன் மறைக்க வேண்டியிருந்தது? எங்கெங்கே மறைத்தனர்?
2. விடியற்காலையில் சமைத்ததன் காரணம் யாது?
3. 1954க்குப் பின் வியட்நாமில் இந்தியா ஆற்றிய பணி யாது?
4. 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்னும் பெயர் எவ்வாறு வந்தது?

III. ஒரு பத்தி அளவில் விடை தருக.
1. ஹியூ தாம்சன் செய்ததை அவருடைய அணியினர் அன்று எவ்வாறு கருதியிருப்பர்? நீங்கள் எவ்வாறு கருதுகிறீர்கள்?
2. தெற்கு வியட்நாமிலிருந்து படகேறிச் சென்ற குடும்பத்தின் பேரனோ பேத்தியோ இவ்வருங்காட்சியகத்திற்கு வந்தால், அவர் எதைத் தேடுவார்?

IV. பிரித்தும் சேர்த்தும் எழுதுக.
1. பெருங்குழி 2. நெடுங்காலம் 3. கருமை + கடல் 4. வெண்மை + மேகம்

V. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக.
1. அங்க உள்ள போனா ரொம்ப வேர்த்துக் கொட்டுது.
2. அந்தப் படத்தப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.
3. வழிகாட்டி சொன்னத எல்லாம் அப்படியே நம்பிடலாமா?

VI. வகுப்பில் பேசுவோம்.
போர் நடந்த இடத்தில் பயணியருக்குச் சுடுதளம் இருக்கலாமா? இரு அணிகளாகப் பிரிந்து, ஒவ்வோர் அணியும் மூன்று காரணங்கள் கூறுக. பின்னர் அணிகளை மாற்றிக்கொண்டு மீண்டும் பேசுக.

VII. செயல்பாடு
1. நீங்கள் வாழும் நகரிலோ அருகிலோ உள்ள போர் நினைவிடம் ஒன்றைக் காண்க. (டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தின் சுவர்களில் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.) அங்குள்ள பெயர்ப்பலகையின் செய்தியைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக. அதில் இடம்பெறாதவர் யார் என ஒரு தொடரும் எழுதுக.
2. முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, 'எம்டன்' என்னும் செருமானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. அக்கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. 'அவன் பெரிய எம்டன்' என்றால் என்ன பொருள்? வீட்டிலுள்ள பெரியோரிடமோ, ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் தொலைபேசியிலோ கேட்டு எழுதுக. போர்க்காலத்தைப் பற்றி அவர்கள் கேட்டறிந்த வேறு செய்தி இருந்தால், அவர்கள் சொன்ன சொற்களிலேயே அதையும் குறித்து வருக.